‘போட் போட்டுது, தங்கச்சி’

கொம்பியூட்டரில் ஒரு ஃபானை மாற்றிய பிறகு அது வேலை செய்யவில்லை என்றால், பிழை பெரும்பாலும் அந்த ஃபானை மாற்றிய வேலைக்குள்தான் இருக்கும். நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டோம். ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். நேற்று வரைக்கும் ஓடின மெசின். இன்றைக்கு ஒரு கை உள்ளே போய் வந்திருக்கிறது, இன்றைக்கு ஓடவில்லை. அந்தக் கை எதைத் தொட்டது, எதை அசைத்தது, எதைத் திரும்பக் கொழுவாமல் விட்டது என்று பார்க்காமல் “மதர்போட் போட்டுது” என்று சொல்வதை ஒரு தொழினுட்பக் கருத்தாக எடுக்க நாங்கள் தயாரில்லை. அது ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எல்லாரும் சேர்ந்து காசு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு உதில என்ன கதை என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

நாங்கள் நாலு பேர், ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மேசைக் கொம்பியூட்டர். ஏதோ ஒரு அலுவலகம் பாவித்துக் கழித்து, கைமாறி, எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒப்படையும் அதில்தான், ஆய்வேடும் அதில்தான், இரவில் படமும் அதில்தான். சீ.பீ.யு ஃபான் கிணற்று மோட்டர் மாதிரி இரையத் தொடங்கியதும் ஒரு கடையில் கொடுத்து மாற்றினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், கறுப்புத் திரையில் ‘சீ.பீ.யு ஃபான் எரர், எஃப் 1ஐ அழுத்து’ என்று வருகிறது. அழுத்தினால் விண்டோஸ் வரும். நாலைந்து நிமிடத்தில் பட்டென்று நூர்ந்து போகும். திரும்பக் கொண்டுபோனோம். மூடியைக் கழட்டாமலே பதில் வந்தது: “போட் போட்டுது, தங்கச்சி. சென்சர் அடிச்சிட்டுது. போட் மாத்தோணும், அதோட ராமும் மாத்த வரும். ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ.”

விலை 35,000 ரூபா. மகாபொல உதவித்தொகை பல வருடங்களாக மாதம் 5,000 ரூபாவில் நின்று, 2025 பாதீட்டில்தான் 7,500 ஆகக் கூட்டப்பட்டது. கூட்டின கணக்கிலேயே பார்த்தாலும் ஏறத்தாழ ஐந்து மாதக் காசு. அதுவும் ஒரு ஃபானுக்குப் பிறகு.

ஆனால் காசைவிட எங்களுக்கு இடித்தது அந்த ‘ஒரு கிழமை’. எங்களில் இரண்டு பேர் இறுதி வருட ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்கள் அந்த மெசினுக்குள் இருக்கின்றன. காணி இழந்தவர்கள், கனகாலம் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டு அத்திவாரத்தையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டி இருந்தவர்கள் கதைத்தவை. “பிள்ளை, உது வேற ஒருத்தரிட்டையும் போகாதுதானே?” என்று கேட்டு, நாங்கள் தலையாட்டின பிறகுதான் வாயைத் திறந்தவர்கள். அவற்றின் பிரதி எங்களிடம் வேறாக இருக்கிறது. பிரச்சினை பிரதி இல்லாதது அல்ல, அந்தக் குரல்கள் ஒரு கடை மேசையில் ஒரு கிழமை கிடப்பது. கடைக்காரர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு அவரிடம் கொடுத்தது இல்லை, எங்களை நம்பினவர்களிடம் கொடுத்தது. அதனால் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

(கட்டாயம் கடையில் விடத்தான் வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். இரண்டு கேபிள், நாலு ஸ்குறூ, அவ்வளவுதான். போட்டைப் பரிசோதிக்க உங்கள் டிஸ்க் தேவையில்லை. தேவை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.)

இனி விசயத்துக்கு வருவோம். “வேலை செய்யேல்லை” என்பது ஒரு சொல். அதற்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? ஃபான்கள் சுழன்றும் திரை கறுப்பாகவே நிற்கிறதா? அல்லது திரை வந்து, ஏதோ சொல்லியோ சொல்லாமலோ நூர்ந்து போகிறதா? இந்த மூன்றையும் பிரித்துக் கேட்காமல் ஒருவர் உங்களுக்குத் தொகை சொன்னால், அவர் விலையைச் சொல்கிறார், காரணத்தைச் சொல்லவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் சிரிக்க வேண்டாம், முதலில் பின்பக்கம் பாருங்கள். பவர் சப்ளையில் வட்டமும் கோடும் போட்ட ஒரு சின்னச் சுவிச் இருக்கும். வேலை தொடங்க முன் யாரோ புத்திசாலித்தனமாக அதை நூர்த்திருப்பார்கள், பிறகு போட மறந்திருப்பார்கள். அது சரியென்றால், பெட்டியின் முகப்புப் பட்டனிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய வயர்களைத் தேடுங்கள். போட்டின் ஒரு மூலையில் சின்னப் பின்களில் கொழுவியிருக்கும். கை உள்ளே போனால் லேசாகக் கழரக்கூடியது அதுதான். அந்த இரண்டு பின்னையும் ஸ்குறூ ட்ரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் மெசின் எழும்புகிறதா? எழும்பினால் போட்டும் பவர் சப்ளையும் உயிரோடு இருக்கின்றன, பட்டனோ அதன் வயரோதான் பிழை. பிறகு 24 பின் உள்ள அந்தப் பெரிய பிளக். அது பாதி ஏறி நின்றாலும் வெளியில் இருந்து பார்க்க முழுக்க ஏறின மாதிரித்தான் இருக்கும், அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபான் சுழலுது, திரை கறுப்பு என்றால் கதை வேறு. எங்கள் கணக்கில் முதல் சந்தேகம் ராம். ஹீற்சிங்கைக் கழட்டப் பலம் பாவிக்கும்போது பக்கத்தில் நிற்கிற ராம் ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலே போதும். கழட்டி, இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்த வேண்டும். அடுத்தது புரொசசருக்குப் பக்கத்தில், மேல் மூலையில் ஏறுகிற நாலு பின் அல்லது எட்டுப் பின் 12 வோல்ற் பிளக். அது கழன்றிருந்தால் ஃபானும் சுழலும், லைற்றும் எரியும், புரொசசருக்கு மட்டும் சாப்பாடு போயிருக்காது. உயிர் இருக்கிற மாதிரி ஒரு நடிப்பு. தனியான கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெசின் என்றால் மொனிற்றர் வயர் எங்கே கொழுவியிருக்கிறது என்றும் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம் 4 வகை என்றால் இன்னொரு பயமும் இருக்கிறது. காய்ந்த பேஸ்ட் ஒட்டிப் பிடித்து, ஹீற்சிங்கை நேரே இழுக்கும்போது புரொசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதன் அடியில் 1,331 கால்கள். அதில் ஒன்று வளைந்தாலும் இந்த நிலைமை வரலாம். அந்த வகை மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நூர்த்து, சூடு ஆற முன்னர், ஹீற்சிங்கை இடமும் வலமும் ஆறுதலாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

சில மெசின்கள் தாங்களே வாய் திறந்து சொல்லும். எச்.பி.யின் பழைய அலுவலகக் கொம்பியூட்டர்கள் சிலவற்றில் பவர் லைற் சிவப்பாக இரண்டு தரம் மின்னி நிற்கும். புரொசசர் சூடு ஏறிவிட்டது, ஃபான் சுற்றவில்லை அல்லது ஹீற்சிங் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஐந்து தரம் மின்னினால் ராம். இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டை வாசிக்காமல் ‘போட்’ என்று சொல்வது, வினாத்தாளை வாசிக்காமல் விடை எழுதுகிற மாதிரி.

எங்கட கேஸ் மூன்றாவது வகை. அதில் கொஞ்சம் மினக்கெட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘சென்சர் அடிச்சிட்டுது’ என்ற வசனத்தில் எவ்வளவு உண்மை இருக்கலாம் என்று அளக்க, ஃபானின் வயர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஃபானிலிருந்து மூன்று வயர் வரும், அல்லது நாலு. ஒன்று தரை. ஒன்று 12 வோல்ற். மூன்றாவது, ஃபான் தான் சுற்றிக்கொண்டிருப்பதைப் போட்டுக்குச் சொல்கிற வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நாலாவது இருந்தால் அது எதிர்ப்பக்கம்: போட் ஃபானைப் பார்த்து, கெதியாச் சுத்து, ஆறுதலாச் சுத்து என்று சொல்லும். மூன்று வயர் ஃபானை நாலு பின்னில் கொழுவினாலும் சுற்றும். ஆனால் நாலாவது வயரால்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துவேன் என்று போட் நினைத்துக்கொண்டிருந்தால், ஃபான் முழு வேகத்தில் இரையும். புது ஃபான் பழசைவிடச் சத்தம் என்று குறைப்படுகிற கனபேரின் பிரச்சினை இதுதான். பயோஸுக்குள் போய் அந்த இடத்தை டீ.சீ என்று மாற்றினால் அடங்கும்.

ஆக, ‘ஃபான் எரர்’ என்றால் ஃபான் சுற்றவில்லை என்று அர்த்தம் இல்லை. போட் எதிர்பார்க்கிற இடத்தில் அந்தத் துடிப்பு கேட்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஃபான் வடிவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அது பெட்டியின் பின்பக்க ஃபானுக்குரிய பின்னில் ஏறியிருக்கிறது. சீ.பீ.யு ஃபானுக்குரிய பின் அங்கிருந்து நாலு விரல் தள்ளி, வெறுமையாக. இரண்டுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் பெயர் அடித்திருக்கிறது, போன் லைற்றை அடித்துப் பார்த்தால் தெரியும். மாற்றிக் கொழுவினோம். எரர் போய்விட்டது. அடிபட்ட சென்சர் பத்துச் செக்கனில் சுகமாகிவிட்டது.

(சரியான பின்னில் கொழுவியும் எரர் வந்தால், ஃபான் ஆறுதலாகச் சுற்றுகிற வகையாக இருக்கலாம். சில போட்கள் நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே போனால் ஃபான் செத்துவிட்டது என்று முடிவுகட்டும். பயோஸில் அந்த எல்லையைக் குறைக்கலாம். எரரை அப்படியே ‘இக்னோர்’ பண்ணச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. அதைச் செய்தால், ஒருநாள் ஃபான் உண்மையாகவே நிற்கும்போது சொல்ல ஆளிருக்காது.)

எரர் போனது, ஆனால் நூர்ந்து போவது போகவில்லை. இந்த இடத்தில்தான் ஆட்கள் மனம் தளர்ந்து திரும்பக் கடைக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறோம். ஒரே வேலையில் இரண்டு பிழை விடுபட முடியும் என்பதை ஏற்க மனசுக்குக் கஷ்டம். விண்டோஸின் பதிவேட்டைத் திறந்தால் ‘கேர்னல் பவர் 41’ என்று சிவப்பில் நிறைய. அதைத் தேடிப் போனால் பவர் சப்ளையை மாற்று, விண்டோஸைத் திரும்பப் போடு என்று ஆளுக்கொரு கதை. அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்று: மெசின் முறைப்படி நூரவில்லை. ஏன் என்று அது சொல்லவே இல்லை. வரலாறு படிக்கிற எங்களில் ஒருத்தி சொன்னாள், உது மரணப் பதிவு, மரண விசாரணை இல்லை என்று.

அதனால் விண்டோஸை விட்டுவிட்டு பயோஸுக்குள் போய் வெப்பநிலை காட்டுகிற பக்கத்தில் இருந்தோம். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கிற மெசின். 58. 67. 79. 90. இன்டெலின் பல மேசைக் கொம்பியூட்டர் புரொசசர்களுக்கு 100 பாகை அளவில்தான் எல்லை. அதற்கு முன்னால் தன் வேகத்தைத் தானே குறைத்துப் பார்க்கும், அதுவும் சரிவராவிட்டால் தன்னைக் காப்பாற்ற நூர்ந்துவிடும். ஆக, எங்கட மெசின் பழுதாகி நூரவில்லை, பழுதாகாமல் இருக்கத்தான் நூர்ந்தது. பிறகு நூர்த்து, பிளக்கைக் கழட்டி, ஹீற்சிங்கைத் தொட்டோம். குளிர்! புரொசசர் 90 பாகை, அதற்கு மேலே குந்தியிருக்கிற அலுமினியம் குளிர். ஃபான் எவ்வளவு சுற்றினாலும் என்ன, சூடு ஹீற்சிங்குக்கு ஏறவே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

இன்டெலோடு வருகிற ஹீற்சிங் நாலு பிளாஸ்ரிக் காலில் நிற்கும். ஒவ்வொரு காலும் போட்டின் ஓட்டைக்குள்ளால் போய், அடியில் விரிந்து பிடிக்க வேண்டும். தலையில் இருக்கிற அம்புக்குறி கழட்டுவதற்கான திசை. பூட்டுவதற்கு அந்தப் பக்கம் திருப்பினால் கால் பிடிக்காது, பிடித்த மாதிரி இருக்கும். குறுக்குக்குறுக்காக, ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று அழுத்த வேண்டும். நாலு கிளிக் கேட்க வேண்டும். எங்கட மெசினை மறுபக்க மூடி கழட்டிப் பார்த்தால் போட்டின் பின்னால் வெள்ளைக் கால்கள் மூன்று முழுக்க வெளியே வந்திருந்தன. நாலாவது பாதியில். ஹீற்சிங்கைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. கழட்டிப் பார்த்தால் பேஸ்ட் பழசு, பானையில் காய்ந்த கஞ்சி மாதிரி வெடித்திருந்தது. ஒருக்காக் கழட்டினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும், திரும்பப் பாவிக்க ஏலாது. ஐசோப்ரொப்பைல் அற்ககோலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்து, பயறளவு பேஸ்ட் நடுவில் வைத்து, நாலு காலையும் பூட்டினோம். பேஸ்ட் ஆயிரம் ரூபாவுக்குள். இப்போது சும்மா நிற்கும்போது 44, படம் ஓடும்போது 60ஐ ஒட்டி.

இந்த 44ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூப்பில் “சும்மா நிற்கும்போது 30 பாகைதான் இருக்க வேண்டும்” என்று சொல்கிறவர் குளிரூட்டின அறையிலோ குளிர் நாட்டிலோ இருந்து சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல், மே மாதத்து மத்தியானத்தில் எங்கட அறையே 30ஐத் தாண்டி நிற்கும். ஃபான் அறைக்காற்றைத்தான் ஊதுகிறது, அறையைவிடக் குளிராக எதையும் ஆக்காது. ஆகவே வேறு நாட்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவும் கூடாது. பார்க்க வேண்டியது அறை வெப்பத்தைவிட எவ்வளவு கூட என்பதைத்தான். அதோடு எங்கள் பக்கத்துத் தூசியையும், உள்ளுக்குள் குடியிருக்கிற எறும்பையும், பல்லி முட்டையையும் எந்த வீடியோவும் சொல்வதில்லை.

எங்களைக் கடுப்பாக்கின விசயத்துக்கு இப்போது வரலாம். மேலே எழுதினதில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தால்தான் விளங்கும் என்று எதுவும் இல்லை. வயர் எங்கே போகிறது என்று பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஆனாலும் “உங்களுக்கு உது விளங்காது, தங்கச்சி” என்பதுதான் கடையில் எங்களுக்குக் கிடைத்த விளக்கம். தொழினுட்ப பீடத்துப் பெடியன் ஒருவன் போய்க் கேட்டிருந்தால் அதே வாய் வேறு மாதிரிக் கதைத்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். வீட்டுக்கார அன்ரியும் வாசலில் நின்று, “உதெல்லாம் பெடியள் செய்யிற வேலை, பிள்ளையள். ஷொக் அடிச்சால் ஆர் பொறுப்பு?” என்றா. அதே அன்ரி, கிணத்து மோட்டர் எயார் பிடித்தால் தானே குறட்டோடு போய், பைப்பைக் கழட்டி, தண்ணி விட்டு எடுக்கிறவ. அது அவவுக்குத் தொழினுட்பமாகத் தெரியவில்லை, வீட்டுவேலையாகத் தெரிகிறது. கொம்பியூட்டர் என்றதும் மட்டும் அது ஆண்களின் சாமான் ஆகிவிடுகிறது. ஷொக் பற்றிய கேள்வி நியாயமானது. பிளக்கைக் கழட்டி, பிறகு பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்தி மிச்சக் கரண்ட்டை விட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தோம். பவர் சப்ளைப் பெட்டியை நாங்கள் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டோம். பிளக்கைக் கழட்டின பிறகும் அதற்குள் ஆபத்தான அளவு மின் தங்கியிருக்கும்.

பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தோம். ‘தாய்ப்பலகை’ என்ற அழகான சொல் அங்கே கிடைத்தது. அதன் படத்தைக் கீறிப் பாகம் குறித்துப் புள்ளி எடுத்தோம். ஒரு தாய்ப்பலகையைக் கையால் தொட்டது இந்த வருடம்தான். சொல் தமிழில் கிடைக்கிறது, சாமான் கடையின் உள்ளறையில் இருக்கிறது, அதைத் திருத்துகிற அறிவு ஆங்கில வீடியோவில் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வருவதில்லை. தமிழில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது எந்த மெசினை வாங்கலாம் என்கிற வீடியோக்கள். வாங்கினதை எப்படி வைத்திருப்பது என்று கதைக்க ஆள் குறைவு.

திருத்துகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று இதை வாசித்தால் அது அநியாயம். ஒரு நாளைக்குப் பத்து மெசின் வருகிற கடையில், ஒவ்வொன்றையும் நாங்கள் மினக்கெட்ட மாதிரி இரவு முழுக்க மினக்கெட்டால் அவர் வாடகை கட்ட முடியாது. நேரத்துக்குக் காசு கேட்டால் நாங்களும் கொடுக்கமாட்டோம், “சும்மா வயரை மாத்திக் கொழுவினதுக்கு 2,000ஆ?” என்று சண்டை பிடிப்போம். சாமானுக்கு மட்டும்தான் காசு என்று நாங்கள் பழக்கிவைத்திருக்கிறோம், அவரும் சாமானை விற்கிறார். அறிவுக்குக் காசு கொடுக்கத் தயாராக இல்லாத வாடிக்கையாளருக்கு ‘போட் போட்டுது’ என்ற பதில்தான் கிடைக்கும். இதில் எங்கள் நாலு பேருக்குள்ளும் உடன்பாடு இல்லை. சாமான் விற்கிற ஆசையைவிட, பெட்டியைத் திறந்து பார்க்கப் பஞ்சிதான் பெரிய காரணம் என்று இருவர் சொல்கிறார்கள். எது எப்படியோ, காரணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். “எந்தப் பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்கள்? வேற ராம் போட்டுப் பார்த்தீங்களோ? சூடு எவ்வளவு காட்டினது?” என்று கேட்டால் நல்ல தொழிலாளி கோபப்படமாட்டார், சந்தோசமாகக் காட்டுவார். எரிஞ்ச மணம் வந்தால், போட்டில் உருளைக் கபாசிற்றர்களின் தலை வீங்கியிருந்தால், பவர் சப்ளை சந்தேகம் என்றால், அந்த நல்ல தொழிலாளியிடம் போவதுதான் சரி.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதம் 360 வரை போனது. அந்த வருடம் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த, பல மணிநேர மின்வெட்டில் மெழுகுதிரியோடு இருந்த எங்களுக்குப் புது மெசின் என்பது வெளிநாட்டில் மாமா இருக்கிறவர்களின் கதை. பாவித்துக் கழித்த அலுவலக மெசின்தான் எங்கட தலைமுறையின் கொம்பியூட்டர். அதில் பழுது வருவது விதிவிலக்கு அல்ல, வாழ்க்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு பணிப்புரையை ஏற்றது. பிரான்சில் 2021இலிருந்து மடிக்கணினி, போன் போன்ற சில பொருட்களுக்கு எவ்வளவு லேசாகத் திருத்தலாம் என்று புள்ளி போட்டு விற்க வேண்டும். நல்லதுதான். அவர்கள் பாவித்துக் கழித்தது கப்பலேறி எங்களிடம் வரும்போது அந்தப் புள்ளியும் சேர்ந்து வராது.

2009இல் அம்ஸ்ரர்டாமில் மார்ட்டீன் பொஸ்ட்மா என்ற பெண் ‘திருத்தும் கபே’ என்று ஒன்றைத் தொடங்கினார். பழுதானதைக் கொண்டுவா, தெரிந்தவரோடு இருந்து நீயே திருத்து, தேத்தண்ணி குடி. கடையும் இல்லை, வகுப்பும் இல்லை. அந்த யோசனையை அப்படியே எடுத்து எங்கட அறை முற்றத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். மாதத்தில் ஒரு சனி பின்னேரம். கழட்டிப் பழகுவதற்கு ஓடாத மெசின் ஒன்று வேண்டும். வீட்டு மூலையில் துணி போட்டு மூடிவைத்திருப்பதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் எங்களிடம் தாருங்கள். வருகிறவர்கள் பிலிப்ஸ் ஸ்குறூ ட்ரைவர் ஒன்று, வயர்களைக் கழட்ட முன் படம் எடுக்க ஒரு போன், கழட்டின ஸ்குறூக்களைப் போட்டுவைக்கக் கழுவின யோகட் கப் ஒன்று கொண்டுவாங்கோ. தேத்தண்ணி அன்ரி போடுவதாகச் சொல்லியிருக்கிறா.